மனசுக்குச் செய்யும் வேலையைத் தொடரலாமா, விடலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் என்ற ஊரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பிழைப்பு அது. மனசுக்காகச் சாயங்காலங்களில் கடல் சொற்களைச் சேகரிக்கிறேன்: காற்றுகளின் பெயர், வலையின் உறுப்புகள், நீவாடு எனும் கடல் நீரோட்டத்தின் போக்கு. நான்கு ஆண்டுகள் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை இதை விட்டுவிடப் பார்த்தேன், இரண்டு முறையும் தப்பான காரணத்துக்காக. மூன்றாவது முறை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன்.

அதன் பிறகு கடைக்கு வரும் சிலருக்கு இதே வழியைச் சொல்லிக் கொடுத்தேன். தனுஷ்கோடியில் பறவைப் படம் எடுக்கும் தம்பி, பெரியபட்டினத்தில் ஓலைப்பெட்டி முடையும் தங்கச்சி, குறும்படம் எடுக்கும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் எங்கெங்கே சறுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் கீழே உள்ள ஆறாவது படியில் தொடங்குகிறார்கள். அதாவது, செய்ததைத் தூக்கிக்கொண்டு போய் "எப்படி இருக்கு?" என்று ஊரைக் கேட்கிறார்கள். தன் கணக்கு தனக்கே தெரியாதவருக்கு ஊர் சொல்வது எல்லாமே சரியாகத்தான் படும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு 40 பக்க நோட்டு. நாள்காட்டி. உங்கள் போன், அதில் பழைய படங்களும் பணம் அனுப்பிய விவரங்களும் அழியாமல். முதல் ஆறு படிகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், ஏழாவது படிக்கு 61 நாள்.

இன்னொன்று: "நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்" என்று யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் ஆளாளுக்கு ஆறுதல் சொல்வார்கள், அல்லது "அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும்.

1. தேதியைத் தள்ளிப் போடுங்கள்

முதல் வேலை, இன்று முடிவெடுக்காமல் இருப்பது.

விடலாமா என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு கெட்ட வாரத்தில்தான் வரும். எனக்கு முதல் முறை வந்தது ஒரு கல்யாண வீட்டில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா ஒருவர், "இந்தச் சொல்லையெல்லாம் சேர்த்து என்ன மாப்ள சம்பாதிச்ச?" என்று கேட்டார். அவ்வளவுதான், நோட்டைப் பரணில் போட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது இரண்டு பக்கம் பூச்சி அரித்திருந்தது.

பாராட்டு வந்த வாரமும் முடிவெடுக்க லாயக்கில்லாத வாரம்தான். அப்போது வேலையை இன்னும் பெரிதாக்கித் தொலைப்போம்.

அதைவிட முக்கியம் பருவம். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக இறங்குவது வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னால். பறவைத் தம்பி என்னிடம் வந்தது ஜூலையில். "ரெண்டு மாசமா ஒரு நல்ல படம்கூட இல்லண்ணே, கேமராவ வித்துடலாமா?" என்றான். ஜூலையில் என்ன இருக்கும்? என் வேலையும் அப்படித்தான். ஆடி மாதம் பாம்பனில் போனை நீட்டிப் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல் மட்டும்தான் பதியும். ஐப்பசி மழையில் ஓலை முடைந்தால் பூஞ்சை பிடிக்கும்.

உங்கள் வேலைக்கு ஏறுபருவம் எது, இறங்குபருவம் எது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் ஒரு முறையாவது பார்க்கவில்லை என்றால், பார்த்து முடிக்கும் மாதத்தைக் குறித்துவிட்டு நோட்டை மூடுங்கள். இரண்டையும் பார்த்தாயிற்று என்றால் அடுத்த படி.

2. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

காசுக்கா, கற்றுக்கொள்ளவா, பிறருக்குப் பயன்படவா, சும்மா மனசு நிறையவா? நான்கில் ஒன்றை முதலாவதாக வையுங்கள்.

எல்லாரும் இடறுவது இங்கேதான். நான்கையும் எழுதுவார்கள். நான்கையும் எழுதினால் எந்த வேலையும் தோற்காது. காசு வரவில்லை என்றால் "மனசு நிறையுது" என்போம், மனசு நிறையவில்லை என்றால் "யாருக்காவது பயன்படும்" என்போம். அளக்கவே முடியாது.

ஓலைப்பெட்டித் தங்கச்சி முதலில் எழுதியது "பாரம்பரியத்தைக் காப்பாற்ற". நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளே அடித்துவிட்டு "மாசம் 2,000 ரூபாய் சொந்தமாகக் கையில் வேண்டும்" என்று எழுதி வந்தாள். அந்த வரி வந்த பிறகுதான் மற்ற படிகள் அவளுக்கு வேலை செய்தன.

என் வரி: "எங்கள் கரையில் வலை இழுக்கிறவர்கள் சொல்லும் சொற்களை, அவர்கள் பிள்ளைகள் படிக்கிற மாதிரி எழுதி வைக்க." மூன்றாம் வகை. காசு இதில் இல்லை. அந்த மாமாவின் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

3. கடந்த மூன்று மாதத்தைக் கணக்கெடுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் படி இது. அவசரப்படாதீர்கள்.

ஞாபகத்தை நம்பக் கூடாது. போனைத் திறந்து படங்களின் தேதி, ஒலிப்பதிவுகளின் தேதி, போன் வழியாகப் பணம் அனுப்பியது, இவற்றை வைத்து 12 வாரத்தை வரிசையாக எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு வரி, நான்கு கட்டம்:

1. மூல வேலைக்குப் போன மணி (வரைதல், முடைதல், எழுதுதல், படம் எடுத்தல்)
2. சுற்று வேலைக்குப் போன மணி (சாமான் வாங்குதல், அடுக்குதல், அலைச்சல், பிறர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருத்தல்)
3. செலவு
4. முடிந்து கைக்கு வந்தது என்ன

இரண்டாம் கட்டத்தைத் தனியாகப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. "இந்த வேலை சலிச்சுப் போச்சு" என்பவர்களில் பலருக்கு மூல வேலை சலிக்கவில்லை. அதற்கு நேரம் கிடைப்பதே இல்லை, அதுதான் விஷயம். நான் வாரம் ஆறு மணி நேரம் உழைப்பதாக நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் சொல்லும் பொருளுமாக உட்கார்ந்தது ஒன்றே முக்கால் மணி. மீதியெல்லாம் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவதும், எந்த மைக் நல்லது என்று பார்ப்பதும்.

நான்காம் கட்டத்தில் முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பாதியில் நிற்பது எதுவும் அதில் வரக் கூடாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு 12 வாரத்தில் 9 வாரம் காலியாகக் கிடந்தது.

அப்புறம் பாக்கியைக் கணக்கிடுங்கள். என்னிடம் எழுதாமல் கிடந்த ஒலிப்பதிவு 36 மணி நேரம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. பெரியவர்கள் பேச்சு, பின்னால் எஞ்சின் சத்தம், நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும். ஆக 180 மணி. வாரம் மூன்று மணி ஒதுக்கினால் 60 வாரம், அதுவும் புதிதாக ஒன்றுகூடப் பதிவு செய்யாமல் இருந்தால். நானோ மாதத்துக்கு இரண்டு மணி நேரம் புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இந்த எண் கண்ணில் பட்ட பிறகுதான் என் வேலையின் எந்தப் பகுதி நோயாளி என்று புரிந்தது.

காசுக்காகச் செய்பவர்கள் இதே இடத்தில் மணிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். தங்கச்சியின் மூடிப்பெட்டி 120 ரூபாய். குருத்தோலை, சாயம், பஸ் செலவு எல்லாம் 45 போக 75. முடைய மூன்று மணி நேரம். மணிக்கு 25 ரூபாய். அவள் முடையும் கிலுகிலுப்பை 40 ரூபாய்தான், ஆனால் செலவு 5, நேரம் அரை மணி. மணிக்கு 70. "பெட்டிதானே அண்ணே அழகு?" என்றாள். அழகுதான். ஆனால் இரண்டாவது படியில் அவள் எழுதிய வரி வேறு.

4. போட்ட காசை வேறு பக்கத்தில் எழுதி மடித்து வையுங்கள்

கேமரா 38,000, மைக் 4,500, மூன்று வருட உழைப்பு. இதெல்லாம் போனது. தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. எனவே முடிவுக்குள் இதற்கு இடமில்லை.

பாரில், அதாவது கடலடிப் பாறையில், வலை மாட்டிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள்? கொஞ்ச நேரம் இழுத்துப் பார்ப்பார்கள். வராவிட்டால் அறுத்துவிட்டு வருவார்கள். வலையின் விலை தெரியாமலா? படகில் இருக்கும் எண்ணெய் எவ்வளவு என்பதும் தெரியும்.

விற்றால் இன்று என்ன விலைக்குப் போகுமோ, அந்தத் தொகையை மட்டும் கணக்கில் சேர்க்கலாம்.

5. சட்டம், உடம்பு, வீடு

இந்த மூன்றில் எதிலாவது முட்டினால் மேற்கொண்டு போக வேண்டாம், முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஏழாவது படியில் வரும் வெள்ளோட்டத்துக்கு முன் இதைப் பார்த்துவிடச் சொல்வது, பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக.

சிப்பி, சங்கு வைத்து அலங்காரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னால் தப்பிக்க முடியாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இந்தப் பக்கம் ட்ரோன் பறக்க விடும் ஆசை இருந்தால் முதலில் அனுமதி, அப்புறம் பேட்டரி.

உடம்பும் வீடும் உங்களுக்கே தெரியும். ராத்திரி ஒரு மணி வரை விழிப்பது உங்கள் வேலையா, பழக்கமா என்று மட்டும் பாருங்கள்.

6. மூன்று பேரிடம் காட்டுங்கள்

இப்போதுதான் வெளி ஆள். மூன்று பேர் போதும். ஒருவர் உங்கள் வேலையைப் பயன்படுத்தக்கூடியவர், ஒருவர் அதே தொழில் தெரிந்தவர், ஒருவர் உங்களைத் தெரியாதவர். வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் வேண்டாம், அவர்கள் வேலையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் அதற்கு வராது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள், "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்களா, விலை கேட்டார்களா, தப்பு கண்டுபிடித்தார்களா.

தப்பு கண்டுபிடிப்பது நல்ல அறிகுறி. சின்னப்பாலம் கிராமத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடம் என் காற்றுப் பக்கத்தைக் காட்டினேன். கச்சான் என்றால் மேற்குக் காற்று என்று எழுதியிருந்தேன். "யார் சொன்னா?" என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் இருந்த இன்னொரு அக்காவையும் இழுத்துப் போட்டு அரை மணி நேரம் வாதாடினார். ஒருவர் மேற்கு என்கிறார், இன்னொருவர் தென்மேற்கு என்கிறார். டீ ஆறிப் போனது. அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அதே அக்காவிடம் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்புறம் கேக்குறேன்" என்றார்.

7. 61 நாள் வெள்ளோட்டம்

எங்கள் கரையில் 61 நாள் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, சாயம் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். இந்தப் படகு இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்ற பேச்சும் அப்போதுதான் நடக்கும். நான் அந்த நாள்களையே எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு எந்த 61 நாளும் சரிதான், இறங்குபருவமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளோட்டத்துக்கு நான்கு விதி. முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

ஒன்று, முடிக்கக்கூடிய ஒரு சின்ன உருப்படி. "கடல் சொல் அகராதி" 61 நாளில் முடியாது. "கரைவலையின் உறுப்புகள், படத்தோடு, 8 பக்கம்" முடியும் (கரைவலை என்பது கரையில் நின்று இழுக்கும் வலை). குறும்படப் பிள்ளைகள் 40 நிமிடப் படத்தைப் பிடித்துக்கொண்டு திணறினார்கள். நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் முடிக்கச் சொன்னேன். ஒத்துக்கொள்ள ஒரு வாரம் எடுத்தார்கள்.

இரண்டு, நேரத்துக்கும் காசுக்கும் மேல்வரம்பு. எனக்கு வாரம் மூன்று மணி, மொத்தம் 500 ரூபாய். வரம்பு இல்லாவிட்டால் வெள்ளோட்டத்தின்போது மட்டும் அசுர வேகத்தில் உழைத்துவிட்டு, அப்புறம் அதேபோல் தொடர முடியாமல் படுத்துவிடுவோம். சோதிக்க வேண்டியது உங்கள் சாதாரண வாரத்தை.

மூன்று, புது வேலை தொடங்கக் கூடாது, புதுச் சாமான் வாங்கக் கூடாது. 20ஆம் நாள் வாக்கில் அருமையான வேறொரு யோசனை வரும். கட்டாயம் வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு விடுங்கள்.

நான்கு, எது நடந்தால் தொடர்வது, எது நடந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எண்ணில் எழுதுவது. "பத்துப் பேருக்குக் கொடுப்பேன். மூன்று பேராவது திருத்தமோ புதுச் சொல்லோ சொல்லி வந்தால் தொடர்வேன். ஒருவரும் வராவிட்டால் நிறுத்துவேன். நடுவில் விழுந்தால் சுருக்குவேன்." பின்னால் எழுதினால், கிடைத்த எண்ணுக்குத் தகுந்தபடி விதியை வளைப்போம். நானே வளைத்திருப்பேன்.

என் 61 நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கரைவலையில் மடி என்பது மீன் வந்து சேரும் பை. அதைப் பற்றி என்னிடம் மூன்று ஒலிப்பதிவுகள் இருந்தன. மூன்றிலும் "இந்தா இப்படி இருக்கும்ல, இதுதான்" என்று குரல் வருகிறது. எது இப்படி? பதிவில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் பாம்பனுக்குப் போய் அதே பெரியவரைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து விலகி நிற்கச் சொன்னார். நடுவில் இரண்டு பிடி மணலை அள்ளிப் போட்டார். துண்டு தொங்கியது. "இந்தத் தொங்கல்தான் மடி. நீ நிக்கிற ரெண்டு பக்கமும் ஆளு இழுக்குற பக்கம். இப்ப வரஞ்சுக்க." ஐந்து நிமிடத்தில் பென்சிலால் வரைந்து முடித்தேன். மூன்று மணி நேர ஒலியில் கிடைக்காதது.

ஆக, என் வேலைக்கு வேண்டியது பென்சில். மைக்குக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. இந்த மாதிரிச் சேதி வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது, ஒரு உருப்படியை முடிக்கும்போதுதான் வரும். அதற்காகத்தான் வெள்ளோட்டம்.

58ஆம் நாள் முடித்தேன். 46 சொற்கள். பத்துப் பிரதி என் கடையிலேயே அடித்தேன். நான்கு பேர் திருத்தங்களோடு வந்தார்கள்.

8. நான்கில் ஒன்றை எழுதுங்கள்

62ஆம் நாள் காலையில், விதி எழுதிய பக்கத்தை எடுத்து, கிடைத்த எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். முடிவு நான்கில் ஒன்றாக இருக்கும்.

தொடர்வது: அடுத்த உருப்படியையும் அதன் தேதியையும் அப்போதே எழுதுங்கள்.

சுருக்குவது: எனக்கு வந்தது தொடர்வதும் இதுவும் கலந்தது. சொற்களும் படங்களும் நிற்கும், ஒலிப்பதிவு கிடையாது. தங்கச்சி மூடிப்பெட்டியை யாராவது முன்பணம் கொடுத்துச் சொன்னால் மட்டும் முடைகிறாள், மற்ற நாள்களில் கிலுகிலுப்பை. சுருக்குவதைத் தோல்வியாக நினைத்துப் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு மேல் சரியான விடை இதுதான்.

தள்ளி வைப்பது: திரும்ப எடுக்கும் தேதி எழுதினால்தான் செல்லும். "நேரம் கிடைக்கும்போது" என்றால் நிறுத்துவது என்றே எழுதுங்கள். பறவைத் தம்பி "ஜனவரி 10, காலை 6 மணி, தனுஷ்கோடி" என்று எழுதினான்.

நிறுத்துவது: குறும்படப் பிள்ளைகளில் ஒருவர் நிறுத்தினார். நான்கு நிமிடக் காட்சியை முடித்த பிறகு, தனக்குப் பிடித்தது எழுதுவதுதான், படப்பிடிப்பு அலைச்சல் ஒத்துவரவில்லை என்றார். முடித்துவிட்டு நிறுத்தியதால் யார் மீதும் கோபம் இல்லை.

எண் ஒன்று சொல்லி மனசு வேறொன்று சொன்னால்? எண்ணின்படியே எழுதிவிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். அந்த வாரத்தில் நிம்மதியாகத் தூங்கினீர்களா என்பது போதிய பதில். தூக்கம் கெட்டால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் அந்த வரி பொய்யாக எழுதப்பட்டிருக்கும்.

9. நிறுத்துவதை, அல்லது நிறுத்திய பகுதியை, கரையேற்றுங்கள்

அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது மனசில் கடன் மாதிரி நிற்கும், அடுத்த வேலையையும் தொடங்க விடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கோப்புகளுக்கு ஊர், தேதி, யார் என்று பெயர் வைத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். கடல் காற்றில் பென் டிரைவின் முனை சீக்கிரம் துருப்பிடிக்கும், மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

யாருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தீர்களோ அவர்களிடம் நேரில் சொல்லுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பேட்டி கொடுத்தவர்களின் பதிவை அவரவர் வீட்டுக்கே கொடுத்து, வேறு யாருக்கும் கொடுக்கலாமா என்று அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் 36 மணி நேரத்தையும் இப்படிப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு வீட்டில் கொடுக்க வேண்டாம் என்றார்கள், அந்தக் கோப்புகளில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

சாமானை ஒரு மாதம் கழித்து விற்கலாம். உடனே விற்றால் ஆத்திரத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஆசை வந்தால் நோட்டை எடுத்து மூன்றாம் படியின் 12 வரிகளைப் படியுங்கள். படித்த பிறகும் ஆசை இருந்தால் ஏழாவது படியில் ஒரு சின்ன உருப்படியோடு தொடங்குங்கள். முதல் ஐந்து படிகள் ஏற்கனவே எழுதியாயிற்று, இரண்டாவது படியின் வரியை மட்டும் புதிதாக எழுத வேண்டும்.